முனியப்பன் வளைவில் கிடந்த சத்தம்

முதலில் ஒரு ஹாரன் கேட்டது. நீளமில்லை, கூப்பிட்டுவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டதுபோல ஒரு குட்டை ஹாரன். அடுத்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அடுத்து பிரேக். அதற்குப் பிறகு, கோழிப்பண்ணைப் பக்கமிருந்து எந்நேரமும் வரும் கொக்கரிப்புகூட நின்றுபோய், ஒன்றுமே கேட்கவில்லை. நான் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பார்ப்பதற்கு இருந்ததெல்லாம் முடிந்துபோயிருந்தது. லாரி குறுக்காக நின்றது. கீழே கிடந்த சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் இன்னும் எங்கேயோ போய்ச்சேர வேண்டியதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் வட்டத்தில், சாலையில் ஓர் உயிர் போனால் அந்த விபத்தின் சத்தம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வழக்கு முடிகிறவரை அதை அப்புறப்படுத்தக் கூடாது. வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள். உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஓட்டுநரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். சத்தம் மட்டும் நகராது. பக்கத்தில் யார் கடை வைத்திருக்கிறாரோ அவர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முனியப்பன் வளைவில் என்னுடைய பஞ்சர் கடையைத் தவிர வேறு கடை கிடையாது.

“காய உட்றாதய்யா,” என்றார் ஏட்டு ரத்தினசபாபதி. சத்தம் கிடந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்களை வைத்துக்கொண்டிருந்தார். “போன தடவ பைபாஸ்ல ஒருத்தன் காய உட்டுட்டான். கோர்ட்டுல கொண்டுபோயி வெச்சா வெறும் டமார்ங்குது. முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. மாஜிஸ்திரேட் அம்மா என்னையில்ல மொறைக்கறாங்க, நானே போயி மோதுன மாதிரி.”

“எனக்கென்ன புதுசுங்களா ஏட்டய்யா?”

“அதான் உங்கிட்ட சொல்றேன். புதுசா இருந்தா பயந்துக்கிட்டாவது ஒழுங்கா நனைப்பான்.”

இதற்கு முன் இரண்டு சத்தங்களை வைத்திருந்து கொடுத்திருக்கிறேன். ஒன்று கல்யாண வேன். அதில் வேனுக்குள் ஓடிய நாதஸ்வரமும் கலந்துவிட்டிருந்ததால் முகூர்த்த நாட்களில், நனைத்துப் போட்ட சாக்குக்கு அடியில் தானாக முனகும். இன்னொன்று ஒரு பெண்பிள்ளையின் ஸ்கூட்டி. அது வெறும் ஒரு செருப்பு தார்ச்சாலையில் விழுகிற சத்தம்தான். அதை நனைக்க உள்ளங்கைத் தண்ணீர் போதும். அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து யாரும் கடைசிவரை கேட்க வரவில்லை.

சத்தம் கண்ணுக்குத் தெரியாது. கை வைத்தால் தெரியும். பிறந்த கன்றின் வயிறுபோல் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே சணல் சாக்கை நனைத்துப் போட்டால், ஆட்டுக்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருக்கிற உயரத்துக்குச் சாக்கு எழும்பி நிற்கும். சாக்கை எடுத்தால் முதலிலிருந்து ஒருமுறை ஒலித்துவிட்டு மறுபடி அடங்கும். ஈரம் போனால் நுனியிலிருந்து உதிரத் தொடங்கும். கோர்ட்டு நாளில் ஏட்டு அலுமினியப் பால்கேன் ஒன்றைக் கொண்டுவருவார். சத்தத்தை அதற்குள் இறக்கி, வாயை ஈரத்துணியால் கட்டி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு போவார். சாயங்காலம் கொண்டுவந்து அதே கற்களுக்கு நடுவில் விடுவார்.

இறந்தவர் பெயர் செங்கோடன். கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறவர். தினமும் உடைசல் முட்டைகளைத் தூக்குவாளியில் போட்டு சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போவார். விபத்தில் அந்த முட்டைகளும் சிதறின. ஆனால் அவை ஏற்கெனவே உடைந்தவை என்பதால் வழக்கில் சேர்க்கவில்லை. வாளியை மட்டும் வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள்.

லாரி ஓட்டிய பையன் மாதேஸ்வரன், மேட்டூர்ப் பக்கம். ஓடிப்போகவில்லை. லாரியிலிருந்து இறங்கி, செங்கோடனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் வருகிறவரை தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தான். ஜாமீனில் வந்த பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்ஸ் கோர்ட்டில் இருந்ததால் தீவன மூட்டை இறக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அதே கோழிப்பண்ணைக்குத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் செங்கோடனின் மனைவி பாவாயி வந்தாள். கடை முன்னால் கிடந்த லாரி டயரின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாக்கைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, கேக்கலாமுங்களா?”

“கேக்கலாம் அம்மிணி. ஒரு நாளைக்கு ஒருக்கா எடுத்தா ஒண்ணும் ஆவாது.”

சாக்கை எடுத்தேன். ஹாரன், கனைப்பு, பிரேக். பாவாயி பிரேக் வந்தபோது முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அவுருதானுங்க,” என்றாள். “ஊட்டு வாசல்ல செருப்பக் கழட்டறப்ப இப்படித்தான் கனைப்பாரு. அந்தச் சத்தங் கேட்டாத்தான் நான் ஒலை வெப்பேன். வா, போன்னு ஒரு வார்த்த இருக்காது. கனைப்புத்தான்.” பிறகு, “பிரேக்கு வர்றதுக்கு மிந்தியே மூடிர முடியாதுங்களா?” என்று கேட்டாள்.

முயற்சி செய்து பார்க்கிறேன் என்றேன். கனைப்புக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஓர் இமை மூடித் திறக்கிற இடைவெளிதான். ஆரம்பத்தில் சில நாள் பிரேக்கின் தலை வெளியே வந்துவிட்டது. ஒருநாள் அவசரப்பட்டுக் கனைப்பையே பாதியில் மூடிவிட்டேன். அன்றைக்கு அவள் அப்படியே எழுந்து போனாள். பிறகு கை பழகிவிட்டது. ஹாரன் வரும், செங்கோடன் கனைப்பார், சாக்கு விழும். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.

வழக்கு அந்த ஹாரனைப் பற்றியது.

வளைவின் உள்பக்கத்தில் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். சுதை உருவம், முறுக்கிய மீசை, தொடையில் ஊன்றிய கை, சாலையை விட்டு அகலாத கண். இந்த வழியாகப் போகிற எந்த ஓட்டுநரும் அவருக்கு ஒரு சின்ன ஹாரன் அடிக்காமல் திரும்ப மாட்டான். கும்பிடுவதற்குக் கையை எடுக்க முடியாதல்லவா, அதற்குப் பதிலாக. நாள் முழுக்க இந்த ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒதுங்குவதுமில்லை. அது முனியப்பனுக்கு வந்தது, அவர் வாங்கிக்கொள்வார்.

அரசு வக்கீல் சொன்னது இதுதான். இந்த ஹாரன் முனியப்பனுக்கு அடித்தது. சைக்கிளில் போனவருக்கு ஹாரனே அடிக்கவில்லை. ஆகவே எச்சரிக்கை செய்யாமல், முன்னால் பார்க்காமல் வண்டி ஓட்டி உயிரைப் போக்கியிருக்கிறான். ஆகவே குற்றம்.

மாதேஸ்வரனின் வக்கீல் குணசீலன் சொன்னது வேறு. ஹாரன் செங்கோடனுக்கு அடித்தது. கேட்டதற்கு அத்தாட்சியாகச் செங்கோடன் கனைத்திருக்கிறார். கேட்டும் ஒதுங்கவில்லை. ஆகவே குற்றமில்லை.

“எங்கூட்டுக்காரரு லாரிக்காரனுக்குப் போயி கனைப்பாரா?” என்று பாவாயி கோர்ட்டு வராந்தாவிலேயே கேட்டாளாம். “பண்ணை மொதலாளிக்கே கனைக்க மாட்டாரு!”

ஏட்டு பால்கேனைத் தூக்கிக்கொண்டு, “அம்மா, கேனுக்கிட்ட நின்னு சத்தம் போடாதீங்க, உள்ள ஒட்டிக்கும்,” என்று அவளை நகர்த்தினாராம்.

ஒவ்வொரு வாய்தாவும் அவளுக்கு நல்ல நாள். அரசு வக்கீலுக்குக் காய்ச்சல், தள்ளிவைப்பு. சாட்சி வரவில்லை, தள்ளிவைப்பு. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். “தள்ளிப்போச்சுங்ணா,” என்பாள், சம்பந்தம் பேசி முடித்தவள்போல.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். விடுதலை என்று தீர்ப்பானால் சாக்கை எடுத்துவிட்டுச் சத்தத்தை வெயிலில் விட்டுவிடுவார்கள். ஒரே பகலில் உதிர்ந்து, சாயங்காலக் காற்றில் பண்ணைப் பக்கம் போய்விடும். தண்டனை என்றால் சத்தம் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்படும். ஜெயிலுக்குள்ளும் ஜெயிலுக்குப் பிறகும் அவன்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஓட்டுநர்கள் ஜெயிலுக்குப் பயப்படுவதில்லை. உள்ளே போய்விட்டு வந்து மறுபடி ஸ்டியரிங் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சத்தத்தை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் மறுபடி வண்டி ஏறியதில்லை. சேந்தமங்கலம் ரோட்டில் ஒருவன் அதைப் பானைக்குள் போட்டுப் புதைத்துவிட்டு, அதன்மேலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறான். எழுந்து போனால் கேட்டுவிடுமாம்.

ஆக, எது நடந்தாலும் கனைப்பு பாவாயிக்கு இல்லை. வழக்கு நடக்கிறவரைதான் அவளுக்கு.

சித்திரையில் என் தொட்டி வற்றிவிட்டது. கைபம்பிலும் காற்றுதான் வந்தது. சாக்கு காலையில் நனைத்தால் பத்து மணிக்கெல்லாம் முறுகிவிடும். ஒருநாள் கற்களுக்கு நடுவில் தொட்டுப் பார்த்தபோது ஹாரனின் முன்நுனி கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மாதேஸ்வரன் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் இந்தப் பக்கம் வந்ததில்லை.

“தண்ணி இல்லீங்களாண்ணா?” என்றான் அங்கிருந்தே.

“இருந்தா நான் ஏன் எச்சிலத் துப்பி டியூபு பாக்கறேன்?”

போனான். பண்ணையிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்றைச் சாக்கில் ஊற்றினான். இன்னொன்றைத் தொட்டியில் ஊற்றினான். அதற்குப் பிறகு தினமும் மூட்டை இறக்கி முடித்ததும் குடத்தோடு வந்துவிடுவான். ஆனால் பாவாயி வருகிற நேரமானால், நான் சாக்கில் கை வைத்ததும் எழுந்து முனியப்பனுக்குப் பின்னால் போய்விடுவான். திரும்பி வரும்போது அவன் கைகள் காதுகளிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்கும்.

முதல் நாள் பாவாயி அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். சில நாள் கழித்து என்னிடம், “அந்த டிரைவரு குடத்தக் கழுவாம கொண்டாறான், தீவன வாசம் அடிக்குது. எங்கூட்டுக்காரருமேல அதே வாசந்தான். இருந்தாலும் கழுவச் சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். கழுவினான்.

ஐப்பசியில் குணசீலன் காரில் வந்து இறங்கினார். கையில் விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது.

“சார், ஒரு சின்ன விஷயம். சாமிக்கு அடிக்கிற ஹாரன் குட்டை. மனுஷனுக்கு அடிக்கிறது நீளம். நம்ம ஹாரன் கொஞ்சம் குட்டையா விழுந்திருச்சு. முன்பக்கமா எண்ணெய் தடவி நீவிவிட்டா ஒரு விரக்கடை நீளும். நாளைக்கு மாஜிஸ்திரேட் அம்மா இடத்தைப் பார்க்க வர்றாங்க. இங்கேயே தீர்ப்பும் சொல்லிடுவாங்க.”

“நீவறதுக்கு நான் என்ன புள்ளத்தாச்சிக்கு வைத்தியம் பாக்கறவனா?” என்றேன்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லை சார். பையனுக்கு ரெண்டு பெண் குழந்தை.”

டயர்மேல் உட்கார்ந்திருந்த பாவாயி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “ஆரன நீவுனா அவுரு நசுங்குவாரு. பக்கத்துலயேதான இருக்காரு. எண்ணெயத் தலைக்குத் தேச்சுக் குளிங்க வக்கீலய்யா, சூடு தணியும்.”

குணசீலன் பாட்டிலை முனியப்பன் காலடியில் வைத்துவிட்டு, “விளக்குக்காவது ஆகட்டும்,” என்றார். காருக்குப் போகும் வழியில் மாதேஸ்வரனின் தோளில் கை போட்டார். “கேட்டா ஒரே வார்த்தைதான் சொல்லணும். ‘அவருக்கு.’ அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் உன் லைசென்ஸ் உன் கையில்.” கார் வளைவில் திரும்பும்போது முனியப்பனுக்கு ஒரு ஹாரன் அடித்தது.

மாதேஸ்வரன் குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு நின்றான். பாவாயி எழுந்து போகவில்லை. அன்றைக்கு இன்னும் கேட்கவில்லை அவள்.

“நாளைக்கு உட்ருவாங்களா தம்பி உன்னை?”

அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் என்னைப் பார்த்தான். நான் டியூபைப் பார்த்தேன்.

“உட்ருவாங்கன்னுதான் வக்கீல் சொல்றாருங்க.”

“நல்லது. பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்கற.” கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கு வெயில் எப்படிங்ணா?” என்று என்னைக் கேட்டாள்.

“மழ வர்ற மாதிரி தெரியல அம்மிணி.”

“சரி.”

கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிற நேரம். கொக்கரிப்பு ஏறி இறங்கியது. பாவாயி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“நெசத்துக்கு யாருக்கு தம்பி அடிச்ச?”

“முனியப்பனுக்குத்தானுங்க.” அவன் குரல் தண்ணீர் இல்லாத பம்புபோல் வந்தது. “உங்க ஊட்டுக்காரர நான் பாக்கவே இல்லீங்க. சாமியப் பாத்து அடிச்சனுங்க. திரும்பறதுக்குள்ள அவரு முன்னால இருந்தாரு.”

“அதான். எனக்குத் தெரியும்.” அவள் தலையாட்டினாள். “அவுருங்கூட முனியப்பனுக்குத்தான் கனைச்சாரு. ஒரு கையில வாளிய ஆடாமப் புடிச்சிருப்பாரு. கும்பிடறதுக்குக் கை ஏது? இந்த வளைவுல தெனமும் கனைப்பாருன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு.” பிறகு, “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கும்பிட்டிருக்கீங்க,” என்றாள்.

முனியப்பன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்கண்ணா, கேட்டுட்டுப் போறேன்.”

நான் சாக்கில் கை வைத்தேன். மாதேஸ்வரன் எழவில்லை. ஹாரன் வந்தது, செங்கோடன் கனைத்தார், சாக்கை விட்டேன். அவன் காதைப் பொத்தவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை, அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாஜிஸ்திரேட் அம்மா குடையோடு வந்தார்கள். சின்ன வயது. கட்டைவிரலில் பேனா மை. என் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. கற்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “எடுங்க,” என்றார்கள். ஏட்டு சாக்கை எடுத்தார். மூடுவது அவருக்குப் பழக்கமில்லாததால் பிரேக் முழுதாக வந்தது. பாவாயி இந்தமுறை காதைப் பொத்தவில்லை. கையில் வாளி இருந்தது. எதற்குக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

“இன்னொரு தடவை.”

மறுபடி. முனியப்பன் பக்கமும் சாலைப் பக்கமும் மாற்றிமாற்றி நின்று கேட்டார்கள். முனியப்பன் காலடியில் உட்கார்ந்தும் ஒருமுறை கேட்டார்கள். அங்கிருந்து கேட்டால் அவருக்கு அடித்ததாகவும், சாலையிலிருந்து கேட்டால் செங்கோடனுக்கு அடித்ததாகவும் இருந்தது. குணசீலன், “கனைப்பைக் கவனிக்கணும் மேடம், அது பதில்,” என்றார். அரசு வக்கீல், “அது பக்தி,” என்றார்.

மாஜிஸ்திரேட் அம்மா குடையை மடக்கினார்கள்.

“மாதேஸ்வரன், நீங்களே சொல்லுங்க. அந்த ஹாரன் யாருக்கு?”

குணசீலன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். மாதேஸ்வரன் கற்களைப் பார்த்தான். வெயில் சாக்கில்லாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தின் மேலிருந்து லேசாக ஆவி எழுந்தது. அவன் பாவாயியைப் பார்த்தான். அவள் வாளியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முனியப்பனுக்குங்க,” என்றான்.

குணசீலன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “உன் பிள்ளைகளை நினைச்சியாடா?” என்றார் தாழ்ந்த குரலில்.

“நெனச்சுத்தானுங்க சொன்னேன். வெயில்ல போட்டா யாருக்குமே இல்லீங்களே. எங்கிட்ட இருந்தா இந்த அம்மா வந்து கேட்டுக்கலாம்.”

மாஜிஸ்திரேட் அம்மா தீர்ப்பை நின்றுகொண்டே சொன்னார்கள். ஜெயில். சத்தம் அவனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சொல்லி முடித்ததும் முனியப்பன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் தொட்டியில் கட்டைவிரலைக் கழுவிக்கொண்டு, ஜீப்பில் ஏறினார்கள்.

ஏட்டு பால்கேனைத் திறந்து சத்தத்தை இறக்கினார். மாதேஸ்வரன் என்னிடம் வந்து எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டான். நிழலில் வை, இரும்புக்குப் பக்கத்தில் வைக்காதே, இரும்பு சத்தத்தைக் குடிக்கும் என்றேன். ஜெயிலில் எல்லாமே இரும்புதானே என்றான். அப்போது நெஞ்சோடு வைத்துக்கொள் என்று சொல்லி, சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்துக் கொடுத்தேன். அவன் கேனைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொன்னான். ஏட்டு, “விலங்கு போட்டா எப்படிடா தூக்குவ?” என்று யோசித்து, விலங்கைக் கேனின் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டினார்.

வளைவு வெறும் வளைவானது. கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டேன். சாக்கைக் காயவைத்து மடித்து டயருக்குள் செருகினேன். சாயங்காலம் ஆனால் கை தானாக அந்தப் பக்கம் போகும். கொஞ்ச நாள் பாவாயி வரவில்லை. அவள் வீட்டில் எந்த நேரத்துக்கு உலை வைப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். லாரிகள் முனியப்பனுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சைக்கிள்காரர்கள் ஒதுங்காமல் போனார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் அவள் பஸ்ஸுக்கு நின்றாள். கையில் அதே தூக்குவாளி. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போகிறாளாம்.

“என்னது வாளில?”

“முட்டக் கொழம்புங்ணா. பண்ணைல உடைசல் இப்ப எனக்குக் குடுக்கறாங்க.”

வாராவாரம் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் சட்டைக்குள்ளிருந்து ஈரத்துணியை எடுப்பான். ஹாரன், கனைப்பு, உடனே துணியால் மூடிவிடுவான். என்னைவிடச் சுத்தமாக மூடுகிறான் என்றாள். பிரேக்கின் வால்கூட வெளியே வருவதில்லையாம். அங்கேயிருக்கும் வார்டர், “புருஷன் ஊட்டுக்கு வர்ற சத்தத்த ஜெயிலுக்கு வந்து கேக்கற மொத ஆளு நீதாம்மா,” என்றாராம். வாளியை உள்ளே போகும்போதுதான் துழாவுவார்களாம். வெளியே வரும்போது காலி வாளியை யாரும் பார்ப்பதில்லையாம்.

“அந்தத் தம்பிக்குத் தூக்கமே இல்லீங்ணா,” என்றாள் ஒரு வாரம். “ராத்திரி புரண்டா துணி விலகிருதாம். விலகுனா முழுசா வந்துருது. அந்த அறையில இருக்கறவிய எல்லாம் திட்டறாங்களாம்.”

“வாங்கிக்கிட்டாச்சு. வேற என்ன பண்ண முடியும்?”

“அதான் நானுஞ் சொன்னேன். சொல்லிட்டு வந்ததுல இருந்து எனக்கும் தூக்கமில்ல.”

நேற்று அவள் சாயங்கால பஸ்ஸில் இறங்கினாள். எப்போதும்போல் டயர்மேல் உட்கார்ந்தாள். வாளியைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேட்டீங்களா அம்மிணி?”

“இன்னிக்கு ஆரன் இல்லீங்ணா. தேடிப் பாத்துட்டானாம், விடிஞ்சதுல இருந்தே காணோமாம். நேரா அவுருதான் கனைச்சாரு.”

“பிரேக்கு?”

“வரல. அந்தத் தம்பி வாயே தொறக்கல. பல்ல இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சோத்தக்கூட ஓரமாத்தான் மென்னுச்சு. பேசுனா பிரேக்கு வந்துரும்போல. எல்லாஞ் சாடையிலதான் சொல்லுச்சு. சாப்பிட்டு முடிச்சதும் நான் வாளியக் கேட்டேன். கழுவித் தர்றேன்னு வாங்கிட்டுப் போயி, மூடி போட்டுக் குடுத்துச்சு. புடிச்சுக்கங்கன்னு கையக் காட்டுச்சு, ரெண்டு கையாலயும்.”

அவள் இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தாள். மூடியின் ஓரத்தில் ஈரச் சாக்கு நுனி ஒன்று தெரிந்தது.

பண்ணையில் வேலை விட்டுச் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வளைவைத் தாண்டின. கடைசிச் சைக்கிளும் போன பிறகு, வாளிக்குள் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

பாவாயி எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“ஒலை வெக்கோணுமுங்ணா. வாறேன்.”

வாளி ஆடாமல் இருக்க ஓரமாகவே நடந்து போனாள். அவள் அந்தப் பக்கத்துப் புளியமரத்தைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முனியப்பன் காலடியில் ஒரு ஹாரன் அடித்தது. குட்டையாக. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வண்டி எதுவும் இல்லை. போய்க் குனிந்து கை வைத்தேன். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தது. அத்தனை தூரம் வந்ததில் மேலெல்லாம் புழுதி, நுனி காய்ந்துபோயிருந்தது. முனியப்பன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயருக்குள்ளிருந்து சாக்கை எடுத்தேன். தொட்டியில் முக்கி, பாதி பிழிந்து, அதன்மேல் போட்டேன். பிறகு கடைக்கு வந்து, விட்டுப்போயிருந்த டியூபை எடுத்துக் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன்.